லாக்கரா, லிமிடெட் ஸ்லிப்பா? கொல்லிமலைத் தார் ஜீப்புக்கு ஒரு பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். 2013-ஆம் ஆண்டு மஹிந்திரா தார், ஃபோர் வீல் டிரைவ், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வீடு நாமக்கல்லில், தோட்டம் கொல்லிமலையில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்குமேல் தோட்டத்துக்குக் கடைசி 3 கிலோமீட்டர் மண் பாதை. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் இரண்டு இடம் தொந்தரவு. ஒன்று, பாதையைக் கோணலாக வெட்டிக்கொண்டு போகும் வாய்க்கால். இன்னொன்று, ஓடையை ஒட்டி ஒருபக்கமாகச் சரிந்து கிடக்கும் களிமண் துண்டு. வண்டியை நீங்களும் ஓட்டுகிறீர்கள், அப்பாவும் ஓட்டுகிறார். பின் ஆக்சிலில் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்கர் போடுவதா, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் போடுவதா என்பது உங்கள் கேள்வி.

‘எது நல்லது’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தில் உண்மையான கேள்வி வேறு: உங்கள் சக்கரம் எந்த இடத்தில், எந்த விதமாகப் பிடிப்பை இழக்கிறது? அந்தரத்தில் தொங்கும் சக்கரமும் ஈரத்தில் வழுக்கும் சக்கரமும் பார்க்க ஒன்றுபோலத்தான் சுற்றும். மருந்து மட்டும் வேறு வேறு. நான் எட்டு வருடம் மஸ்கட்டில் ஒரு பட்டறையில் லேண்ட் க்ரூஸர், பேட்ரோல் வகை வண்டிகளின் ஆக்சில் வேலை பார்த்தவன், அதன்பிறகு பதினோரு வருடமாக இங்கே பொள்ளாச்சிப் பக்கம் எஸ்டேட் ஜீப்புகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். ரேஸ் டிராக்கில் வண்டி ஓட்டியதில்லை. அதனால் லிமிடெட் ஸ்லிப்பின் அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்ததும் கேட்டதும்தான், மலையிலும் மணலிலும் நடப்பதைப் பற்றிச் சொல்வது கையால் பார்த்தது.

முதலில், நம் பட்டறைகளில் ‘கிரவுன்’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்தக் கூட்டுக்குள், இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப்ரன்ஷியல் ஏன் இருக்கிறது என்று உங்கள் மலை ரோட்டை வைத்தே பார்க்கலாம். இடது, வலது பின்சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1.4 மீட்டர் இடைவெளி. ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி அரை வட்டம் திரும்புகிறது. அப்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 1.4 பெருக்கல் 3.14, அதாவது ஏறக்குறைய 4.4 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த 4.4 மாறாது. எழுபது வளைவுக்கு 300 மீட்டருக்கு மேல். இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாகக் கட்டிவிட்டால் இந்த 300 மீட்டரையும் ஏதோ ஒரு டயர் ரோட்டில் தேய்த்துத்தான் தீர்க்க வேண்டும், இறங்கும்போது மறுபடி ஒரு 300. ‘உள்ளே இருக்கும் பல்லையெல்லாம் வெல்டிங் வைத்துவிடலாம், செலவே இல்லை’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். டிரிஃப்ட் ஓட்டுகிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு. அவர்கள் டயரைத் தேய்க்கவே வண்டி எடுக்கிறவர்கள்.

அடுத்தது, பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம். சாதாரண ஓப்பன் டிஃப்ரன்ஷியல் ‘எல்லா சக்தியையும் வழுக்கும் சக்கரத்துக்கே அனுப்பிவிடுகிறது’ என்பார்கள். அப்படி இல்லை. அது இரண்டு பக்கமும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும், அதற்கு வேறு எதுவும் தெரியாது. சிக்கல் என்னவென்றால், வழுக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது என்றால், நல்ல மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 100தான். மொத்தம் 200. அந்தரத்தில் தொங்கும் சக்கரம் தாங்குவது பூஜ்யம், ஆகவே தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் பூஜ்யம். நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடுமே தவிர விசை கூடாது. உங்கள் வாய்க்காலில் நடப்பது இதுதான்: கோணலாகக் குறுக்கே போவதால் ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்மூலையில் ஒரு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொள்கின்றன. முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் ஓப்பன் டிஃப்ரன்ஷியல். ஃபோர் வீல் போட்டும் நாலு சக்கர வண்டி நகராமல் நிற்கிறது.

லிமிடெட் ஸ்லிப் இந்தக் கணக்கில் ஒரு பெருக்கலைக் கொண்டுவருகிறது. டார்சன் மாதிரியான பற்சக்கர வகையில் மூன்று மடங்கு என்று ஒரு விகிதம் இருந்தால், வழுக்கும் சக்கரம் 100 தாங்கும்போது மற்றதுக்கு 300 போகும், மொத்தம் 400. ஈரமான தார் ரோட்டில், சரளையில், புல்லில் இது அருமையான விஷயம், ஓட்டுகிறவருக்கு அது வேலை செய்வதே தெரியாது. ஆனால் பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். சக்கரம் அந்தரத்தில் போன நிமிடம் டார்சன் வகை ஓப்பன் மாதிரியே ஆகிவிடுகிறது. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டிகளில் முன்னும் பின்னும் டார்சன்தான். அதனால்தான் அதன் ஓட்டுநர்களுக்கு, சக்கரம் தூக்கினால் ஆக்சிலரேட்டரை விடாமலே பிரேக்கையும் லேசாக மிதிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரேக் பிடித்தால் தொங்கும் சக்கரத்துக்கு ஒரு போலிச் சுமை கிடைக்கிறது, அந்தச் சுமை மூன்றால் பெருகி மறுபக்கம் போகிறது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. ‘ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் இழுத்துவிட்டு மிதி, வண்டி ஏறிவிடும்’ என்று நம் ஜீப் டிரைவர்கள் சொல்வார்கள். ஓப்பன் டிஃப்ரன்ஷியலில் கணக்குப்படி இதற்குப் பலன் இருக்கக் கூடாது. தொங்கும் சக்கரத்தை 200 அளவுக்குப் பிரேக் பிடித்தால் மறுபக்கத்துக்கும் 200 வருகிறது, ஆனால் அந்தச் சக்கரத்தையும் அதே ஹேண்ட் பிரேக் 200-ஆல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வந்ததும் போனதும் சரி. பல பழைய ஜீப்புகளில் இது வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன் என்பதும் உண்மை. என் ஊகம், அந்த வண்டிகளில் ஒரு பக்கத்து டிரம் பிரேக் மற்றதைவிட இறுக்கமாகப் பிடித்திருக்கும். நல்ல பிரேக் உள்ள வண்டியில் இதை நம்பி வாய்க்காலில் இறங்காதீர்கள்.

தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப் வேறு மாதிரி. உள்ளே கிளட்ச் தட்டுகள், அவற்றை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் ஸ்பிரிங். அந்த அழுத்தத்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும் மற்றதுக்குக் கொஞ்சம் விசை போகும். ‘கொஞ்சம்’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அது சமதளத்தில் வண்டியை நகர்த்தும், சுமையோடு வாய்க்கால் கரை ஏற்றும் என்று சொல்ல மாட்டேன். தட்டு தேயும், தேயத் தேய இந்தக் கொஞ்சமும் குறையும். இந்தச் சாதனம் பிறந்த இடமே வேறு. 1930-களில் ஆட்டோ யூனியன் ரேஸ் கார்களுக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே கேட்டு, இசட்எஃப் நிறுவனம் செய்துகொடுத்தது இதன் முன்னோடி. வேகமாகப் போகும்போது உள்சக்கரம் சும்மா சுற்றி வீணாவதைத் தடுக்க வந்தது. சிலிகான் திரவம் வைத்த விஸ்கஸ் வகையும் உண்டு, உங்கள் வண்டிக்கு அது தேவையில்லை, விட்டுவிடலாம்.

லாக்கர் பிறந்தது வயலில் என்று சொன்னால் பெரிய தவறில்லை. உங்கள் அப்பா டிராக்டர் ஓட்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். சேற்றில் ஒரு சக்கரம் சுற்றினால் குதிகாலால் ஒரு பெடலை அமுக்குவாரே, அதுதான் டிஃப்ரன்ஷியல் லாக். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஒன்று அந்தரத்தில் இருந்தால் என்ன, முழு விசையும் தரையில் நிற்பதற்குப் போகும். பெருக்கல், வகுத்தல் எதுவும் இல்லை. வரம்புக்கு வெளியே வந்து திரும்பும்போது அதை விட்டுவிட வேண்டும் என்பதும் டிராக்டர்காரருக்குத் தானாக வரும்.

முழு விசையும் ஒரே பக்கம் போகும் என்பதில் ஒரு விலையும் இருக்கிறது. உங்கள் இன்ஜின் 247 நியூட்டன் மீட்டர் தருகிறது. முதல் கியர் தோராயமாக 4 மடங்கு, ஃபோர் வீலின் மெதுவான கியரான லோ ரேஞ்ச் 2.5 மடங்கு, கிரவுன் பற்சக்கரம் 4 மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 10,000 நியூட்டன் மீட்டர் வரும். லாக்கர் போட்ட ஆக்சிலில் இதில் பெரும்பங்கு ஒரே ஆக்சில் தண்டுக்குப் போகலாம். நடைமுறையில் டயர்தான் காப்பாற்றுகிறது: அந்தச் சக்கரத்தின் மேல் 450 கிலோ இருந்தால், காய்ந்த மண்ணில் 1,100 நியூட்டன் மீட்டர் அளவிலேயே டயர் வழுக்கிவிடும், தண்டுக்கு அதற்குமேல் சுமை ஏறாது. அதனால்தான் சேற்றில் ஆக்சில் உடைவது அபூர்வம். உடைவது பாறையில். சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வழுக்கவும் முடியாமல் நிற்கும்போது லாக்கரைப் போட்டு முழுக்க மிதித்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருப்பது அப்படி முறுக்கி உடைந்த ஒரு தண்டின் துண்டு.

லாக்கர் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்களே போட்டு எடுப்பது ஒரு வகை. ஏஆர்பி கம்பெனியினுடையது போன்றவை காற்றழுத்தத்தில் வேலை செய்யும், சில மின்சாரத்தில், பழைய பேட்ரோல்களில் வாக்குவத்தில், ஃபோர்ஸ் கூர்க்காவில் முன் பின் இரண்டுக்குமே கம்பெனியிலிருந்தே வருகிறது. பட்டன் அணைந்திருக்கும்போது அது சாதாரண ஓப்பன் டிஃப்ரன்ஷியல், ரோட்டில் எந்த வித்தியாசமும் தெரியாது. தானாகவே பூட்டுவது இன்னொரு வகை, டெட்ராய்ட் லாக்கர் இதில் பழைய பெயர். அது பிறவியிலேயே பூட்டிய நிலையில் இருக்கும், வளைவில் மட்டும் வெளிச்சக்கரத்தைக் கழற்றி ஓடவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏறும் வளைவில் மிதித்துக்கொண்டிருக்கும்போது உள்சக்கரம் ஒன்றே வண்டியை இழுக்கும். கியர் மாற்றக் காலை எடுத்த நொடியில் பக்கம் மாறி ஒரு குலுக்கல் வரும். உங்கள் வண்டியின் வீல்பேஸ் 2,430 மில்லிமீட்டர்தான். இவ்வளவு குட்டையான வண்டியில் அந்தக் குலுக்கல் ஸ்டியரிங்கில் தெரியும். மழையில் 70 வளைவு ஏறுகிற வண்டிக்கு, அதுவும் இரண்டு பேர் ஓட்டும் வண்டிக்கு, இதை நான் போட மாட்டேன்.

நடுவில் ஒன்று இருக்கிறது. 2015-இல் தார் புதுப்பிக்கப்பட்டபோது பின் ஆக்சிலுக்கு வந்தது ஈட்டனின் மெக்கானிக்கல் லாக்கர். இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் உள்ளே ஒரு சின்ன எடைக்கட்டி விரிந்து, கொக்கி மாட்டி, பூட்டிவிடும். மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. இதே தத்துவத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1973-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, எனவே புதுச் சோதனை ஒன்றும் இல்லை. இதில் ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பயந்து பயந்து மிதித்தால் அந்த 100 சுற்று வராது, பூட்டாது. ‘இது வேலையே செய்யவில்லை’ என்று கோபத்தில் முழுக்க மிதிப்பார்கள், சக்கரம் வெறியாகச் சுற்றும்போது திடீரென்று பூட்டும். அந்த அடி பல்லுக்கு நல்லதல்ல. ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் 100 சுற்று சுற்றும்போது, கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் ஸ்பீடோமீட்டர் 7 கிலோமீட்டர் அளவில்தான் காட்டும். அந்த அளவுக்கு நிதானமாக ஏற்றி, ‘டக்’ என்ற சத்தத்துக்குக் காத்திருந்தால் போதும்.

இப்போது உங்கள் இரண்டாவது இடம், ஓடையை ஒட்டிய சாய்ந்த களிமண். இதைத்தான் நீங்கள் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். சாய்வில் வண்டி கீழ்ப்பக்கம் சரியாமல் பிடித்திருப்பது டயரின் பக்கவாட்டுப் பிடிப்பு. சுற்றி வழுக்கத் தொடங்கிய டயருக்கு அந்தப் பக்கவாட்டுப் பிடிப்பு ஏறக்குறைய போய்விடும். ஓப்பன் டிஃப்ரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது சுற்றாமல் நின்று நங்கூரம் மாதிரி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வண்டி முன்னே போகாது, அவ்வளவுதான். லாக்கரோ இறுக்கமான லிமிடெட் ஸ்லிப்போ இருந்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், நங்கூரம் இருக்காது, வண்டியின் பின்பக்கம் சரிவை நோக்கி இறங்கும். எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு எஸ்டேட்டில், தட்டு வகை லிமிடெட் ஸ்லிப் போட்ட வண்டியைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று சாய்ந்த ஈரப் பாதையில் கொஞ்சம் கூடுதலாக மிதித்தேன். முன்பக்கம் நேராக இருக்க, பின்பக்கம் மட்டும் அமைதியாக வடிகாலுக்குள் போய் உட்கார்ந்தது. காயம் எனக்கு இல்லை, பம்பருக்கும் மானத்துக்கும்தான். பட்டன் வைத்த லாக்கர் என்றால் அந்த இடத்துக்கு முன்னாலேயே அணைத்திருப்பேன். லிமிடெட் ஸ்லிப்புக்குப் பட்டன் கிடையாது.

புது வண்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜிம்னியிலும் புது தாரிலும் பிரேக்கைக் கொண்டே இந்த வேலையைச் செய்கிறார்கள். வழுக்கும் சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் பிடிக்கும், விசை மறுபக்கம் போகும். டிராக்டரில் இடது வலது பிரேக் பெடல் தனித்தனியாக இருக்கிறதே, அதே யோசனைதான், காலுக்குப் பதில் சென்சார். முதலில் வழுக்கிய பிறகுதான் வேலை செய்யும், நீண்ட ஏற்றத்தில் பிரேக் சூடாகும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது போதும். உங்கள் வண்டியில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ்ஸே கிடையாது என்பதால் அந்த வழி உங்களுக்கு இல்லை. ஒரு வகையில் அது வசதிதான்: எலக்ட்ரானிக்ஸ் நிறைய உள்ள வண்டியில் வெளியிலிருந்து லாக்கர் வாங்கிப் போட்டால், பூட்டியிருக்கும்போது ஏபிஎஸ்ஸும், வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்பியும் குழம்பும். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

சரி, இதற்கெல்லாம் முன்னால் டயர். ஓமானில் வஹிபா மணலுக்குப் போகிறவர்கள் லாக்கரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் மணலுக்குள் இறங்கும் இடத்தில் எல்லோரும் முதலில் குனிந்து செய்வது காற்றை இறக்குவது. 35 பிஎஸ்ஐ-லிருந்து 15-க்கு. மணலில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி புதைவதால் லாக்கர் அங்கே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, திரும்பவிடாமல் நேராகத் தள்ளுவதைத் தவிர. உங்கள் மண் பாதை 3 கிலோமீட்டர்தான். தொடங்கும் இடத்தில் 20-க்கு இறக்கிவிட்டு மெதுவாகப் போய்ப் பாருங்கள். தார் ரோட்டுக்குத் திரும்பும்போது நிரப்ப ஒரு சின்ன 12 வோல்ட் பம்ப் கையில் இருக்க வேண்டும், காற்றில்லாத டயரோடு 70 வளைவு இறங்கக் கூடாது. டயர் பூ தேய்ந்திருந்தால் லாக்கருக்கு வைத்திருக்கும் பணத்தில் முதல் பங்கு அதற்கு. களிமண் துண்டுக்கு இது மட்டுமே போதுமானதாக இருக்கலாம். வாய்க்காலுக்குப் போதாது, அங்கே சக்கரம் அந்தரத்தில் இருக்கிறது. ஒன்று, கரையை வெட்டிச் சரிவாக்கி இரண்டு கல் பாவுங்கள், ஒரு நாள் கூலியில் முடியும். அல்லது லாக்கர். பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளும் யோசனை என்று என் பையன் சொல்வான், ஆனால் மண்வெட்டியை முதலில் முயன்று பார்க்கச் சொல்வதுதான் நியாயம்.

அதற்குப் பிறகும் போடுவதென்றால், பட்டனில் போட்டு எடுக்கும் லாக்கர் பின்பக்கத்துக்கு. லிமிடெட் ஸ்லிப் வேண்டாம். உங்கள் வாய்க்காலில் அதற்குப் பெருக்க எதுவும் இல்லை, உங்கள் சாய்வில் அதை அணைக்க வழியில்லை. அது சிறப்பாக வேலை செய்யும் இடம் அந்த ஈரமான தார் ரோட்டு வளைவுகள், அங்கே உங்களுக்குப் புகார் எதுவும் இல்லையே. நீங்கள் ஏற்காடு ரோட்டில் வேகமாக ஏறி இறங்க ஒரு பின்சக்கர டிரைவ் கார் வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பற்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். உங்கள் ரோட்டில் பட்டன் லாக்கருக்குப் பெரிய ஆபத்து மறதி. அதை அணைக்காமல் தார் ரோட்டில் ஏறினால் ஸ்டியரிங் கனத்து, திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும், டயர் கீச்சிடும். கொண்டை ஊசி வளைவில் அது விளையாட்டல்ல. டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, சத்தம் போடும் பஸர் ஒன்றையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். டிராக்டர் பெடலைக் காலை எடுத்தால் விட்டுவிடும், இந்தப் பட்டன் விடாது. அப்பாவுக்குப் பழக வேண்டியது இந்த ஒரு வித்தியாசம்தான்.

மாட்டுகிற வேலையைப் பற்றி. லாக்கர் நல்லதாக இருந்தும் மாட்டியது சரியில்லாமல் கிரவுன் பல் போன வண்டிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. உள்கூட்டை மாற்றினால் கிரவுன் பற்சக்கரத்துக்கும் அதைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மறுபடி அமைத்தாக வேண்டும். அது மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் குறைவான சமாச்சாரம், சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டயல் கேஜ் வைத்து அளந்து, பல்லில் நீல மை தடவிப் பதிவு பார்த்து, ஷிம் என்னும் மெல்லிய தகட்டை மாற்றிச் செய்ய வேண்டிய வேலை. ‘கையால் ஆட்டிப் பார்த்தாலே எனக்குத் தெரியும்’ என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். ஆர்டர் கொடுக்கும் முன் ஆக்சில் தண்டு ஒன்றை உருவி அதன் முனையில் இருக்கும் ஸ்ப்லைன் என்னும் வரிப்பற்களை எண்ணுங்கள், கிரவுன் விகிதத்தையும் பாருங்கள், இரண்டும் பொருந்தாவிட்டால் பெட்டியைத் திறந்ததும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். 2015-க்குப் பிந்தைய தாரின் ஈட்டன் கூட்டை உடைத்த வண்டியிலிருந்து வாங்கி உங்கள் 2013-க்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் அப்படிப் போட்டுப் பார்த்ததில்லை. ஆகவே இதிலும் அதே பதில்தான், இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கழற்றியதில் தட்டும் கொக்கியும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்லவும் முடியாது.

இன்னொன்று, இதை நீங்கள் யாரிடமும் போகாமலே செய்யலாம். வண்டி செகண்ட் ஹேண்ட் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்பதையே முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் ஏதாவது போட்டிருக்கலாம். சமதரையில் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, டூ வீல் டிரைவில், இன்ஜினை அணைத்து, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரில் போட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் லேசாகச் சுற்றினால் ஓப்பன். தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப் என்றால் இறுகிப் பிடித்து நிற்கும், பலமாக இழுத்தால்தான் அசையும். சுற்றவே மறுத்தால் யாரோ பூட்டியிருக்கிறார்கள் அல்லது வெல்டிங் வைத்திருக்கிறார்கள். கையால் மெதுவாகச் சுற்றினால் ஈட்டன் வகையும் ஓப்பன் மாதிரிதான் காட்டும், அதை இந்தச் சோதனை பிடிக்காது. எந்தக் காரணத்துக்காகவும் ஒரே ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு இன்ஜினை ஓட்டிக் கியரில் போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே பூட்டுகிற சாதனம் எது இருந்தாலும் தரையில் நிற்கும் மற்ற சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். சுற்றிப் பார்த்துவிட்டு எந்தத் திசையில் சுற்றியது என்று எழுதுங்கள், வாய்க்காலின் ஆழத்தையும் ஒரு குச்சியை விட்டு அளந்து சேர்த்து எழுதினால் மண்வெட்டியா லாக்கரா என்று இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.